பேருந்துக்கும் டாக்சிக்கும் நடுவே

சென்ற மாதம் மாலை நேர நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே காரில் போக நீங்கள் தயாரா? தயார் என்றால், ஏன்?" நேரலையில் நாங்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, அடுத்த பாட்டு தொடங்கும்வரை பேச்சை ஓட்டுவதற்காகக் கேட்பவை. தொழில் ரகசியம், வெளியே சொல்லிவிடாதீர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு வந்த குரல்பதிவுகளும் குறுந்தகவல்களும் பாட்டு முடிந்து, செய்தி முடிந்து, நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தன.

பெரும்பாலானவற்றில் ஒரே சொல்தான்: "காசு." சரியான பதில்போலத்தான் தெரிந்தது. அழைத்த ஒருவரிடம் மட்டும், "காசுதான் காரணம் என்றால் பேருந்து இன்னும் மலிவாயிற்றே அண்ணே?" என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு விநாடி மௌனம். வானொலியில் இரண்டு விநாடி என்பது நீண்ட நேரம். "பஸ்ஸுல போனா ஒரு மணி நேரம் ஆகுமே" என்றார். "நேரம்தான் முக்கியம் என்றால் தனியாகவே ஒரு கார் பிடித்துவிடலாமே?" "அவ்வளவு காசு கொடுத்தா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பை நான் பிடித்துக்கொண்டேன். பகிர்வுச் சவாரி மலிவான வழியும் அல்ல, வேகமான வழியும் அல்ல. மலிவு வேண்டுமென்றால் பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. வேகம் வேண்டுமென்றால் டாக்சியோ தனியார் வாடகை காரோ இருக்கிறது. இரண்டு போட்டியிலும் இரண்டாவதாக வரும் ஒன்றை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவர் கணக்கு என்ன? என் பேட்டையிலேயே பதில் கிடைக்குமா என்று பார்த்தேன்.

நான் இருப்பது புக்கிட் மேராவில். பெயரிலேயே குன்று இருக்கிறது, சிவப்புக் குன்று. வாள்மீன்கள் கரையோரம் மக்களைத் தாக்கிய கதையும், வாழைத்தண்டுகளை வேலியாகக் கட்டலாம் என்று யோசனை சொன்ன சிறுவனின் ரத்தத்தால் மண் சிவந்த கதையும் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். கதை இருக்கட்டும். இங்கு வசிப்பவர்களுக்கு அந்தக் குன்று முழங்காலில்தான் தெரியும். தெலுக் பிளாங்கா பக்கம் சில புளோக்குகளிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இறங்குவது சுலபம்; அரிசிப் பையோடு திரும்பி ஏறுவதுதான் சிரமம்.

ஷென்டன் வேயும் சைனாடவுனும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் புக்கிட் மேரா சென்ட்ரலில் எம்ஆர்டி நிலையம் இல்லை. பேருந்துச் சந்திப்பு நிலையம் உண்டு. ரயிலுக்கு, 1988ல் கிழக்கு மேற்குப் பாதையில் திறக்கப்பட்ட ரெட்ஹில்லுக்கோ தியோங் பாருவுக்கோ போகவேண்டும். தேக்காவுக்குப் போவதையே எடுத்துக்கொள்வோம். நெரிசல் இல்லாவிட்டால் காரில் கால் மணி நேரம். பொதுப் போக்குவரத்தில் என்றால், முதலில் நிறுத்தம்வரை நடை. பேருந்து ஏறி ரெட்ஹில். அங்கிருந்து இரண்டாவது நிலையம் ஊட்ரம் பார்க். அங்கே நகரும் படிகளில் கீழே போய் வடகிழக்குப் பாதைக்கு மாறி, இன்னும் நான்கு நிலையம். லிட்டில் இந்தியாவில் மேலே வந்தால் மறுபடி நடை. இதில் எதுவும் கடினமில்லை. என் வயதில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போய்விடலாம். இதே பயணத்தை மழை நாளில், ஒரு கையில் குழந்தையும் மறுகையில் தள்ளுவண்டியுமாகச் செய்து பாருங்கள். அல்லது அறுபத்தெட்டு வயதில், முட்டி வலியோடு.

எங்கள் தளத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். உறவில்லை, ஆனாலும் ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை மாலையானால் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவது அவருடைய பல ஆண்டுப் பழக்கம். "பக்கத்திலேயே டிப்போ ரோட்டில் ருத்ர காளியம்மன் கோயில் இருக்கிறதே ஆன்ட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். அலெக்சாண்டிரா செங்கல் சூளையில் தொடங்கி, 1980களில் டிப்போ ரோட்டுக்கு இடம் மாறிய கோயில் அது. "அங்கயும் போறேன்மா. ஆனா வெள்ளிக்கிழமைன்னா தேக்கா" என்றார். அம்மனைப் பார்ப்பதோடு முடிவதில்லை அல்லவா? பூ வாங்கவேண்டும், கறிவேப்பிலை வாங்கவேண்டும், பழைய தோழியோடு ஒரு தே தாரிக் குடிக்கவேண்டும், யார் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வரவேண்டும்.

2017 வாக்கில் பேத்தி அவருடைய கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, எந்த இடத்தில் தட்டினால் "பகிர்ந்து போகும் கார்" வரும் என்று காட்டிக்கொடுத்தார். தனியாகப் போனால் பத்து வெள்ளிக்கு மேல் ஆகும். பகிர்ந்து போனால் ஆறு, ஏழு வெள்ளி. போக வரக் கணக்குப் போட்டால் எட்டு வெள்ளி மிச்சம், மாதத்துக்கு முப்பது வெள்ளிக்கு மேல். முழு விலையென்றால் ஆன்ட்டி போயிருக்கமாட்டார். "கோயிலுக்குப் போக இருபது வெள்ளியா, சாமியே திட்டும்" என்பார். பேருந்து, ரயில், ரயில் என்றாலும் முட்டி விட்டிருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு விலை இருந்தது. அதனால் போனார்.

இந்த நடு விலை செயலிகள் கண்டுபிடித்தது அல்ல. எங்கள் சாலைகளிலேயே எழுபது ஆண்டுக்கு முன் அது ஓடியிருக்கிறது.

அலெக்சாண்டிரா சாலையில் ஹாக் லீ பேருந்து நிறுவனத்தின் பணிமனை இருந்தது. 1955 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் போராட்டம் தொடங்கியது. மே 12ஆம் தேதி அது அலெக்சாண்டிரா சாலையிலும் தியோங் பாருவிலும் கலவரமாக வெடித்து நால்வர் மாண்டனர். வரலாற்றுப் புத்தகங்கள் அந்த நாளின் அரசியலைச் சொல்லும். எனக்கு வேறு ஒரு கேள்வி: மறுநாள் காலை இந்தப் பக்கத்து மக்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள்? அதே ஆண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூர் டிராக்‌ஷன் நிறுவன ஊழியர்களின் வேலைநிறுத்தமும் தொடங்கி 1956 வரை மாதக்கணக்கில் நீண்டது. பேருந்துக்காக நின்றவர்கள் முன்னே வந்து நின்றவை உரிமமில்லாத டாக்சிகள். யாரோ ஒருவருடைய பழைய கார். ஆளுக்கு இவ்வளவு காசு, ஒரே திசையில் போகிறவர்கள் நாலைந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் வண்டி கிளம்பும். பேருந்தைவிடக் கொஞ்சம் கூட, மீட்டர் டாக்சியைவிட நிறையக் குறைவு. சென்னைக்குப் போய் ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் இடத்தில் ஐந்தாவதாக உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேலைநிறுத்தம் முடிந்தும் அந்த டாக்சிகள் மறையவில்லை. பேருந்து நுழையாத கம்பத்துப் பாதைகளில் அவை நுழைந்தன. உரிமம் பெற்ற டாக்சிக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறது என்று குமுறினார்கள், பேருந்து நிறுவனங்களும்தான். விபத்து நடந்தால் காப்புறுதி இல்லை. 1970ல் அரசாங்கம் கை வைத்தது. டீசல் கார்களுக்கான வரி ஏறியது, உரிமமில்லா ஓட்டம் தடுக்கப்பட்டது. அதோடு நிறுத்தாமல், அந்த ஓட்டுநர்களுக்கு முறையான வேலை கொடுக்கத் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு கூட்டுறவு அமைப்பையும் தொடங்கியது. அதன் பெயர் கம்ஃபர்ட். இன்று சாலையில் நீல நிறத்தில் ஓடும் கம்ஃபர்ட் டாக்சியின் பூர்வகதையில், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய அந்தப் பழைய கார்களும் இருக்கின்றன. 1973ல் சிங்கப்பூர்ப் பேருந்துச் சேவை நிறுவனம் உருவானது. பேருந்துகள் ஓரளவு ஒழுங்காயின. நடு விலை சாலையிலிருந்து மறைந்தது, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு.

அது செயலி வழியாகத் திரும்பி வந்தது. 2013ல் ஊபரும் கிராப்பும் (அப்போது கிராப்டாக்சி) இங்கு வந்தன. 2016ஆம் ஆண்டில் ஊபர்பூல், அந்த ஆண்டு டிசம்பரில் கிராப்ஷேர். ஒருவர் போகும் வழியிலேயே இன்னொருவரையும் ஏற்றிக்கொள்வது, அதற்காகக் கட்டணத்தில் தள்ளுபடி. ஒரு பதிவுக்கு இரண்டு இடம்தான். தியோங் பாருவில் ஏறியவர் தோபி காட் போகிறார், வழியில் ஊட்ரமில் ஒருவர் புகிஸ் போகக் காத்திருக்கிறார் என்றால், கணினி சில விநாடிகளில் இருவரையும் ஒரே காருக்குள் கோத்துவிடும். கம்பத்து டாக்சிக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவி ஆள் சேர்த்த வேலையைத்தான் அது செய்தது. கூச்சல் மட்டும் இல்லை.

கட்டணம் ஏறும் முன்பே தெரிந்துவிடும் என்பது நேயர்கள் பலர் குறிப்பிட்ட விஷயம். மீட்டர் ஓடும் காரில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வயிற்றைக் கலக்கும். விலை முன்பே முடிவாகிவிட்டால் நெரிசல் ஓட்டுநர் பாடு, கணினி பாடு. இன்னொரு சின்ன ஆசையும் உண்டு. அதைப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர்தான் கூச்சப்படாமல் சொன்னார். பகிர்வு விலை கொடுத்துப் பதிவுசெய்கிறோம், வழியில் யாருமே ஏறவில்லை என்றால்? தள்ளுபடியில் தனிக் கார்! ஃபோர்-டி அடித்த மாதிரி. நானும் அதை அனுபவித்திருக்கிறேன். அதிகாலை நிகழ்ச்சி செய்த நாள்களில் ஐந்து மணிக்கு நிலையத்தில் இருக்கவேண்டும். அந்த நேரத்தில் முதல் ரயில்கூடக் கிளம்பியிருக்காது, டாக்சியில் ஆறு மணிவரை பாதிக் கட்டணம் கூடுதல். பகிர்வில் பதிவுசெய்வேன். நாலரை மணிக்கு புக்கிட் மேராவிலிருந்து வேறு யார் வரப்போகிறார்கள்? பெரும்பாலும் நானும் ஓட்டுநரும்தான்.

ஒருநாள் மட்டும் ஈரச்சந்தைக்குப் போகும் பெரியவர் ஒருவர் ஏறினார். நான் ஓட்டுநரிடம், "இந்தப் பக்கமே நிறுத்திடுங்க" என்று சொன்னதும் பின்னால் திரும்பி, "நீ ரேடியோ பிள்ளைதானே?" என்றார். முகம் தெரியாத தொழில் என்று பார்த்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எல்லாருக்கும் இந்த அந்நியர் விவகாரம் இனிக்கவில்லை. இரவுப் பணி முடிந்து திரும்பும் தாதி ஒருவர், காரில் இன்னொரு பயணி இருந்தால் தமக்குத் தைரியம் என்றார். அவருக்கு அடுத்து அழைத்த பெண் நேர்மாறாகச் சொன்னார்: ஓட்டுநரின் பெயரும் படமும் செயலியில் இருக்கின்றன, பக்கத்தில் ஏறுபவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், அவர் கண்முன்னே என் வீட்டு வாசலில் ஏன் இறங்கவேண்டும்? இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். தாமதத்தைப் பொறுக்காதவர்களும் உண்டு. நேர்முகத் தேர்வுக்கோ விமான நிலையத்துக்கோ போகிறவர் பகிர்வைத் தொடவே மாட்டார். தம் நேரத்தில் பத்து நிமிடத்தை விற்கும் நிலையில் இருப்பவருக்கு மட்டுமே இந்தத் தள்ளுபடி. மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். காலை எட்டரைக்கும் அதே ஆள் பகிர்வில் போவார் என்று எதிர்பார்க்கமுடியாது.

ஓட்டுநர்களிடம் கேட்டால் கதையே வேறு. ஒரே பயணத்தில் இரண்டு இடத்தில் ஏற்றி, இரண்டு இடத்தில் இறக்கி, முதலில் ஏறியவர் "ஏன் சுத்திப் போறீங்க?" என்று முகம் சுளிக்க, இரண்டாவது ஆள் "கீழே வந்துட்டேன், வந்துட்டேன்" என்று மின்தூக்கிக்குள்ளிருந்து குறுந்தகவல் அனுப்ப, கடைசியில் குறைந்த நட்சத்திரம் கிடைப்பது ஓட்டுநருக்கு. பகிர்வு என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பயணிகள் பகிர்ந்துகொண்ட மலிவில் அவர் பங்கு தலைவலிதான்.

அந்த மலிவு முழுவதும் பகிர்வால் வந்ததும் அல்ல. அந்த ஆண்டுகளில் இரு நிறுவனங்களும் வாடிக்கையாளரைப் பிடிக்க முதலீட்டாளர் பணத்தைத் தள்ளுபடியாக அள்ளி வீசின. வாரத்துக்கு மூன்று சலுகைக் குறியீடு வரும், நினைவிருக்கிறதா? 2018 மார்ச் 26ஆம் தேதி ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் ஒப்படைப்பதாக அறிவிப்பு வந்தது. போட்டித்தன்மையைக் குறைத்ததற்காக இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பிறகு கோஜெக், தாடா, ரைட் எல்லாம் வந்தாலும் அந்தப் பொற்காலம் திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2023ல் சிறிய கார்களுக்கான சிஓஇ கட்டணமே 100,000 வெள்ளியைத் தாண்டியது. காருக்கு வாடகை கொடுக்கும் ஓட்டுநர் அதை எங்கிருந்து எடுப்பார்? 2025 ஜனவரி முதல் இணையத்தள ஊழியர் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஓட்டுநர்களுக்கு வேலைக்காயக் காப்பீடும், மத்திய சேமநிதிப் பங்களிப்பும் உண்டு. நம்மை ஏற்றிச் செல்பவருக்கு முதுமையில் சேமிப்பு இருக்கவேண்டும் என்றால் கட்டணத்தில் சில காசு கூடத்தான் செய்யும்.

சுற்றுச்சூழலுக்காகப் பகிர்கிறோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பாராட்டுகிறேன், ஆனால் முழுதாக நம்பவில்லை. காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கும். எம்ஐடி ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், நால்வர் அமரும் 3,000 கார்கள் பகிர்ந்து ஓடினால் நியூயார்க் டாக்சித் தேவையில் 98 விழுக்காட்டைச் சமாளிக்கலாம், சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடத்துக்கும் குறைவு என்றார்கள். அங்கே மஞ்சள் டாக்சிகள் மட்டும் 13,000க்கு மேல். சிங்கப்பூர்போல நெருக்கமாக மக்கள் வாழும் ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தக்கூடியதுதான். ஆனால் கணினிக்குள் யாரும் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று மின்தூக்கிக்குள்ளிருந்து காக்க வைப்பதில்லை. அடுத்த ஆண்டே புரூஸ் ஷாலர் என்ற போக்குவரத்து ஆய்வாளர் அமெரிக்கப் பெருநகரங்களை வைத்து எழுதியது வேறு மாதிரி இருந்தது. சொந்தக் காரில் ஒரு மைல் குறைந்தால் வாடகைச் செயலிக் கார்கள் 2.8 மைல் கூட்டுகின்றன. பகிர்வுச் சவாரிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அது 2.6தான். காரணம், பகிர்வுக்கு வந்தவர்களில் பலர் காரை விட்டுவிட்டு வந்தவர்கள் அல்லர். பேருந்தையும் ரயிலையும் நடையையும் விட்டுவிட்டு வந்தவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆன்ட்டிதான் நினைவுக்கு வந்தார். அவர் எதை விட்டுவிட்டு வந்தார்? காரும் இல்லை, பேருந்தும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டு வந்தார். அப்படிப் பார்த்தால் அவர் சாலையில் கூடுதலாக ஏறிய ஒரு பயணம். ஆய்வாளர் பட்டியலில் அது பாதகக் கணக்கு. எனக்கு அதைப் பாதகம் என்று எழுத மனம் வரவில்லை.

2020ல் கொவிட்-19 வந்தது. முகக்கவசம் அணிந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்ன காலத்தில், தெரியாதவரோடு பின்னிருக்கையில் உட்காருவது எப்படி நடக்கும்? பகிர்வுச் சவாரிகள் நிறுத்தப்பட்டன. நியாயமான முடிவு. கோயில்கள் திறந்து, திருமணங்களில் சாப்பாடு பரிமாற அனுமதி வந்து, எல்லைகள் திறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆன்ட்டி வீட்டுக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "தேக்கா போகலையா ஆன்ட்டி?" "மகன் வரும்போது கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்மா." மகன் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். செயலியைத் திறந்து காட்டினார். மாலை நேரத்தில் தனிக் கார் பதினைந்து வெள்ளி. அவர் புகார் எதுவும் சொல்லவில்லை. போகாத பயணத்துக்கு யாரும் புகார் மனு எழுதுவதில்லை.

கார்ப்பூல் இருக்கிறதே என்பீர்கள். உண்டு. 2015ல் அதற்கென விதிகள் வந்தன. சொந்தக் கார் வைத்திருப்பவர் தாம் போகும் வழியில் மற்றவரை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு பயணம்தான். செலவை ஈடுகட்டும் அளவுக்குமேல் வாங்கக்கூடாது. சாலையோரம் நின்று ஆள் பிடிக்கக்கூடாது. அலுவலக நேரத்தில் பொங்கோலிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகிறவருக்கு அது கச்சிதம். முதல்நாள் இரவே பதிவுசெய்து, காலையில் அதே நேரத்துக்கு இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசைக்குப் போய், எப்போது முடியுமோ அப்போது திரும்புகிறவருக்கு எந்த அலுவலகக் கார் வழி சேரும்?

டெலிகிராம் குழுக்களும் இருக்கின்றன. "ரெட்ஹில்லிலிருந்து ஈசூன், 8 வெள்ளி, இப்போ" என்று போட்டால் யாராவது பதில் சொல்வார்கள். விதிக்குள் ஓடுபவர்கள் இருக்கலாம். நாளைக்குப் பத்து முறை ஓட்டிக்கொண்டு "வழியில போறேன்" என்பவர்களும் இருக்கலாம். உரிமமின்றி வாடகைக்கு ஓட்டுவது குற்றம். 3,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம், வாகனமும் பறிபோகலாம். பயணிக்கு இருக்கும் பெரிய ஆபத்து காப்புறுதி. 1950களின் டாக்சியில் இருந்த அதே ஓட்டைதான். தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: நள்ளிரவில் இரண்டு வெள்ளி மிச்சம் பிடிக்க அந்தக் குழுக்களுக்குள் போகாதீர்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையம் ஒரு நல்ல முயற்சியைச் செய்து பார்த்தது. 2018 டிசம்பரில், ஜூ கூன், மரினா-டௌன்டவுன் பகுதிகளில், பயணி அழைத்தால் வரும் பொதுப் பேருந்து. நிறுத்தத்தில் இருந்தபடி கேட்டால், அதே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றிச்செல்லும். ஆறு மாதம் ஓடியது. செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று 2019 ஜூனில் முடிந்தது. ஏன் கட்டுப்படியாகவில்லை என்பது புரிகிறது. ஆனால் அது தொழிற்பேட்டையிலும் அலுவலக வட்டாரத்திலும் ஓடியது. குன்றின்மேல் முதியோர் நிறைந்த ஒரு பழைய பேட்டையில், மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கோயிலுக்குமாக ஓடியிருந்தால் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. அதே 2019ல் வெளியான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம், 2040க்குள் பேட்டைக்குள் 20 நிமிடம், உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் என்று இலக்கு வைத்திருக்கிறது. 45 நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்கவேண்டும் என்பதையும் ஒரு கட்டத்தில் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கும். சிங்கப்பூர் வேகமாக மூப்படைகிறது; முட்டிகளும்தான்.

இதற்கிடையில் எங்கள் புளோக்கில் ஒரு மாற்றம். சில மாதங்களாக வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கீழ்த்தளத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். எங்கள் ஆன்ட்டி, ஐந்தாம் தளத்து மலையாளி அம்மா ஒருவர், பக்கத்து புளோக்கிலிருந்து இன்னொருவர். மூவருக்கும் சேர்த்து ஒரே பதிவு, ஒரே கார். கைப்பேசி எங்கள் ஆன்ட்டியுடையது; மற்ற இருவரும் ஐந்து ஐந்து வெள்ளி கையில் கொடுக்கிறார்கள். ஒருவர் தாமதித்தால் மற்ற இருவர் அவரை விட்டுவிட்டுப் போவதில்லை. எந்தக் கணினியும் கோக்காத சவாரி. சிறிய டப்பா ஒன்றில் சில்லறை வைத்திருக்கிறார்கள், திரும்பி வரும்போது கட்டணம் கூடினால் சமாளிக்க.

போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது கார் வந்து நின்றது. இருவர் பின்னால் ஏறியாகிவிட்டது. ஆன்ட்டி கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தேக்கா வரியாம்மா? ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. பதினஞ்ச நாலால வகுத்தா ஆளுக்கு நாலு வெள்ளிகூட வராது."